கார்கன் வயலில் ஒரு சொல்

தெற்கிலிருந்து வந்தவன் அவன்.
வெக்ஸ்ஃபோர்டிலிருந்து மீத் வரை
ஈட்டி தூக்கி நடந்த கூட்டத்தில்
கடைசியாக மிஞ்சியவன்.
ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்ததாம்.
எந்தக் கால் என்பதில்
இன்றும் ட்ரம்சாலாவில் ஒற்றுமை இல்லை.

குதிரைப்படை அவனை மடக்கியது
கார்கன் வயலின் மேற்கு மூலையில்.
வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள்,
கையில் மண்வெட்டியோடு, அசையாமல்.
(இந்த இடம் வரும்போது
சொல்கிறவர் யாரானாலும் கொஞ்சம் இருமுவார்.)
அவன் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான்.
ஒருமுறை.
பிறகு இன்னொருமுறை, சத்தமாக.

அன்று எங்களுக்கு ஐரிஷ் மட்டும்தான்.
அவனுக்கு ஆங்கிலம் மட்டும்தான்.
ஒரே அரசனின் கயிறு
இரண்டு கழுத்துக்கும் பொதுவாயிருந்தது,
ஒரு சொல் பொதுவாயில்லை.

புரியாத சொல்லை என்ன செய்வது?
வைத்துக்கொண்டோம்,
ஆள் திரும்பாத வீட்டின் சாவியை
அண்டைவீட்டார் வைத்திருப்பதுபோல.
டெவ்லின் வீட்டில் அது 'வோதர்'.
மேட்டில், ஃபேகன் வீட்டில், 'டோதர்'.
லார் கார்கன் மூக்கால் இழுத்து 'மோதர்' என்பான்,
பன்றிக்குத் தீனி வைக்கும்போதுகூட.

பிறகு பஞ்சம் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது.
ஐரிஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் கட்டை தொங்கியது,
ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் ஒரு வெட்டு.
அவன் மொழி எங்கள் மொழியாயிற்று.
இப்போது கனவுகூட அதில்தான்.
அதற்குள் அந்த ஒன்று மட்டும் தேய்ந்துவிட்டது.

தண்ணீர் கேட்டான் என்கிறாள் அசம்ப்டா டெவ்லின்.
மகளைக் கூப்பிட்டான் என்கிறார்கள் மேட்டுக்காரர்கள்.
தாயைத்தான் என்கிறான் லார்,
சாகிறவன் வேறு யாரைக் கூப்பிடுவான்?
இதற்காகவே மாட்டுச்சந்தையில்
முகம் திருப்பிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

போலக் வீட்டை யாரும் கேட்பதில்லை.
அன்று குதிரைமேல் இருந்தவர்களில் ஒருவன்
அந்த வீட்டுக்காரன்.
போன ஜனவரியில், நடு இரவு,
அவர்கள் பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன்.
கன்று கால் மாறிக் கிடந்தது. இரண்டு மணி நேரம்.
முடிந்து நான் கை கழுவும்போது
ஹெஸ்டர் போலக் தானாகச் சொன்னாள்:
"எங்கள் வீட்டுக் கதையில்
அவன் வாயே திறக்கவில்லை, டாக்டர்."

வாளியில் நுரை அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

தொழுவத்துக்குப் பின்னால் நல்ல கிணறு இருக்கிறது,
கார்கன் வயலின் எல்லையில், கோடையிலும் வற்றாதது.
அந்த வாளித் தண்ணீரை அவள்
சாலையோரக் குழாயிலிருந்து
உறைபனியில் அரை மைல் சுமந்து வந்திருந்தாள்.