குறைந்தபட்சக் கட்டணம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தவசிக்கண்ணுப் புலவர் நினைவில்லத்துக்குப் போகிறேன்.
மீட்டர் பார்க்க.

பழைய வண்ணாரப்பேட்டையில்
இரும்புக்கடைக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவே
நாலு படி உயர்ந்து நிற்கிற வீடு.
செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை.
கழற்றினால் கத்திரி வெயிலிலும் தரை சில்லென்றிருக்கும்.
எட்டு வருஷமாக எனக்கு இந்த ஏரியா.
ஒரு மின்விசிறி, மூன்று டியூப்லைட்,
அதில் ஒன்று எப்போதும் கண் சிமிட்டும்.
பதினெட்டு யூனிட், இருபது, இருபத்திரண்டு.
செத்தவர் சிக்கனமாகத்தான் இருப்பார்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம்
உப்புக்கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்
கிடங்குச் சாக்குகளைக் கொண்டுவந்து விரித்து
தெருவையே இங்கே படுக்க வைத்தாராம்.
வாசல் கல்லில் அதைப்
'பொதுநலத் தொண்டு' என்று பொறித்திருக்கிறார்கள்.

மீட்டர் இருப்பது அவர் படுத்த அறையில்,
கட்டிலுக்கு நேர் மேலே.
சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்.
அந்தக் கயிற்றைத் தாண்டும் உரிமை
எனக்கும் எலிக்கும் மட்டும்.
ஸ்டூலில் ஏறி டார்ச் அடிக்கும்போது
கீழே கண்ணாடிப் பெட்டி தெரியும்:
ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, மைக்கூடு,
திறந்து வைத்த ஒரு நோட்டு.

'வாசலில் ஒருவன் வயிறொட்டி நிற்கையில்
மோனை தேடுதே, முட்டாள் விரலே'

எட்டு வருஷமாக அதே பக்கம்.
அதற்குமேல் அவரைப் படித்ததில்லை நான்.

பெட்டியைத் திறந்து தூசு துடைத்த ஒருநாள்
காவலுக்கு இருக்கும் லூர்தம்மா தாளைத் திருப்பிக் காட்டினாள்.
பின்பக்கம் பென்சிலில்:
நொய் இரண்டு மரக்கால்.
விறகு, கடன்.
காய்ச்சல்காரர் பதினேழு. நேற்று பத்தொன்பது.
மண்ணெண்ணெய்க்காரர் பணம் வேண்டாமென்றார்.
கொடுக்கணும்.

'இந்தப் பக்கத்த வச்சிருக்கலாம்ல' என்றேன்.
'ஆபீசருங்க அந்தப் பக்கந்தான் கவிதைன்னுட்டாங்க.'

கார்த்திகை மழை வடிந்து இந்த முறை போனேன்.
டார்ச் அடித்தேன். இறங்கினேன்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.
அறுநூற்று நாற்பது.

லூர்தம்மா வாயைத் திறக்கவில்லை.
அறையில் தாளித்த வாசனை இன்னும் போகவில்லை.
விட்டத்தில் அவிழ்க்காத தூளிக் கயிறு.

'எதிர்ச்சாரி பொட்டி தண்ணில முழுகி வெடிச்சிட்ச்சும்மா.
ஒம்போது நாளு.
இங்க வேற லைனு, கரண்ட் இருந்திச்சி.
புள்ளைங்க, மோட்டாரு, போனுக்கு சார்ஜு,
மூணு ரைஸ் குக்கரு.
கட்டில்ல மட்டும் யாரையும் படுக்க வுடல.'
கொஞ்சம் நிறுத்தி,
'சகாயத்தோட மருமவள தவுர. நெறமாசம்.'

கையிலிருந்த மெஷின் காரணம் கேட்டது.
வீடு பூட்டு. மீட்டர் பழுது. எண் தெரியவில்லை. நாய்.
நாய்கூட இருக்கிறது.
இதற்கு ஒன்றுமில்லை.
எண்ணை அப்படியே அடித்தேன்.
இப்போது குறைத்தால் அடுத்த முறை ஏறும்,
எங்கள் கணக்கு அப்படி.

'ஆபீசுல கேப்பாங்களே' என்றாள்.
'கேப்பாங்க.'

பார்வையாளர் ஏட்டைத் தள்ளினாள்.
அந்த ஒன்பது நாளில் ஒருவரும் கையெழுத்திடவில்லை.
பேனா கிடைத்த ஏதோ ஒரு குழந்தை
பக்கம் முழுக்க வட்டம் வட்டமாய்ச் சுழித்திருந்தது.
ஓரத்தில் கிடைத்த இடத்தில் என் பெயர், அங்கயற்செல்வி.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
'மீட்டர்' என்று எழுதி
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

'கயித்த அவுக்கலியா?'
'இருக்கட்டும். தை வரைக்கும் மழ இருக்குன்றாங்க.'

செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது,
கண் சிமிட்டும் அந்த டியூப்லைட்டை
யாரோ மாற்றியிருந்தார்கள்.