நூறுக்கு ஒன்று குறைய

கச்சான் வீசத் தொடங்கி ஐந்தாம் நாள்.
களுவாஞ்சிகுடியில் சுவருக்கும் காய்ச்சல்.
ஓட்டுக்குக் கீழே ஒரே அறை,
அறைக்குள் ஒரே மேசை ஃபேன்.
அதைச் சுழலவிடும் பொத்தான் உடைந்து ஒரு வருசம்.
பார்த்த திசையையே பார்க்கும்.

ஒரு பக்கம் பாயில் மகள், தருணிக்கா,
வேர்க்குரு பூத்த கழுத்தோடு.
மறுபக்கம் மேசையில் மடிக்கணினி,
அதன் வயிற்றில் பெரியகல்லாற்றுக் கலியாணம்:
நாலு கமெரா, ஒரு ட்ரோன்.
தாலி கட்டுவதை மூன்று கோணத்தில்
மெதுவாக, இன்னும் மெதுவாகக் காட்டச் சொல்லியிருக்கிறார்
சுவிசில் இருக்கும் மாப்பிள்ளையின் தமையன்.
அதை மட்டும் கெதியாய் வேணுமாம்.

ரெண்டரை அழுத்தினால் போதும்,
ப்ரொசெசர் பூஸ்டில் ஏறும்.
நாலு கிகாஹேர்ட்ஸைத் தொட்டுப் பல்லைக் காட்டும்.
தொண்ணூற்றாறு பாகை. தொண்ணூற்றேழு.
உள்விசிறி, குஞ்சைப் பருந்துக்குக் கொடுத்த கோழியாய்க்
கத்தத் தொடங்கும்.
பிறகு தன் சூட்டுக்குத் தானே பயந்து
ஒன்று தசம் இரண்டுக்கு விழுந்து தவழும்,
ஆறும், மறுபடி ஏறும், மறுபடி விழும்.
ஓடினதைவிட இளைத்த நேரமே அதிகம்.
அதற்காகத்தான் மூன்று இரவாய்
ஃபேனை அதன் முகத்துக்குக் காட்டினேன்.
மகள் புரண்டாள்.
வார்ட்டிலிருந்து ரேணுஜா போனில் கேட்டாள்,
"புள்ளைக்குக் காத்துப் படுதா?"
ஓம் என்றேன்.

கல்முனையில் அஸ்மீர் பின்மூடியைக் கழற்றி
ஒரு பிடி பஞ்சுத்தூசியும் செத்த எறும்பு ரெண்டும் எடுத்து,
காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது பூசி,
ஆயிரத்தெண்ணூறை எண்ணி வாங்கினபின்
போகிற போக்கில் சொன்னான்:
"நூறெ தொண்ணூத்தொம்பதாக்கிப் பாருங்க."

பவர் செட்டிங்கில், நாலு கதவு தாண்டி,
யாரும் போகாத மூலையில் இருந்தது அந்த வரி.
ப்ரொசெசரின் உச்ச நிலை: நூறு வீதம்.
நூறுக்கு ஒன்று குறைந்த கணக்குத் தாளை
அப்பாவிடம் நீட்டப் பயந்த அதே விரலால்
ஒன்பதை இருமுறை அடித்தேன்.

சத்தம் நின்றது.
நின்றபின்தான் தெரிந்தது
அது எவ்வளவு பெரிய சத்தமென்று.
பட்டிருப்புப் பாலத்தில் ஒரு லொறி ஏறுவது கேட்டது.
மகள் மூச்சுவிடுவது கேட்டது.
எழுபத்துமூன்று பாகை.
இரண்டு தசம் நான்கில், ஏறாமல் இறங்காமல்,
சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டிப் போகிறவன்போல
போய்க்கொண்டிருந்தது.

கணக்குப் பார்த்தேன்.
முன்பு நூற்றுப்பத்து நிமிசம். இப்போது நூற்றிருபத்தாறு.
திரையில் சனம் அறுகரிசி போட
நான் தங்க எழுத்தில் செய்த வாழ்த்து மிதந்து வந்தது:
பதினாறும் பெற்று...
தனியே சிரித்தேன்.
ஃபேனைத் தூக்கி மகள் பக்கம் வைத்தேன்.

"முடிஞ்சுதா தம்பி?" என்று ஜெயரூபன் அண்ணர்.
இன்னும் பதினாறு நிமிசம் அண்ணா.
அங்கே சாமம். அவரும் நித்திரை கொள்ளவில்லை.

ஆறரைக்கு ரேணுஜா வந்தாள்,
ஆஸ்பத்திரி இரவை முடித்து,
வெள்ளைச் சட்டையில் அயடின் மஞ்சளோடு.
வாசலில் நின்று
ஃபேன் பார்க்கும் திசையைத்தான் முதலில் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சீமெந்துத் தரையில் சரிந்து கண்ணை மூடியபின்
"ரெண்டு பேர் லீவு. இண்டைக்கும் டபுள் டியூட்டிகா" என்றாள்.

அவளுக்குரிய அந்த வரி
எந்தக் கதவுக்குப் பின்னால் என்று
எனக்குத் தெரியவில்லை.
திரையில் இன்னும் ஏழு வீதம் இருந்தது.
ஃபேனின் தலையைக் கையால் பிடித்து
மகளுக்குக் கொஞ்சம், அவளுக்குக் கொஞ்சம்,
மகளுக்குக் கொஞ்சம், அவளுக்குக் கொஞ்சம்,
மீன்காரனின் ஹோர்ன் கேட்கும்வரை
உடைந்த பொத்தானின் வேலையை
நான் பார்த்தேன்.