பதினைந்து மீற்றர்

என்ட்லாசன் என்றார் மருத்துவர்.
அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது
திருகாணித் தொழிற்சாலையில்,
பதினொரு பேரை வாசலுக்கு அனுப்பிய நாளில்.
பிறகு, மறியலால் வெளியே வந்த யாரோ ஒருவனைப் பற்றி
பேருந்தில் இரண்டு பெண்கள் கதைத்தபோது.
இப்போது ஆரபிக்கு.
ஆறு வயது, பதினாலு கிலோ.
கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன்.
குணமாகி என்று அதில் எங்கும் இல்லை.

அம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம்.
சுகிர்தா ஏறினாள்.
தொங்கும் ரயிலில் வரத்தான் பிள்ளைக்கு ஆசை.
அடம்பிடிக்க மூச்சுப் போதாமல்
ஒரு விரலை மட்டும் மேலே காட்டினாள்.
"நான் மேலால வாறன், நீ கீழால வா."
ஆர் முந்தி? என்றது அவள் புருவம்.

ஐந்து மாதம் ஒரு பைக்குள் அடங்கிற்று.
ஒக்டோபரில் போட்டுவந்த சப்பாத்தும் அதற்குள்.
இன்றைக்கும் அளவாய்த்தான் இருக்கிறது.

வுப்பர் ஆறு கீழே, ஆறிய தேத்தண்ணி நிறத்தில்.
தூணுக்குத் தூண் ரயில் மெல்ல ஆடியது.
முன்னால் ஒரு பையன்
பொரித்த உருளைக்கிழங்கை அள்ளி அள்ளித் தின்றான்.
அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது.
காரணம் தெரியும். சொல்லமாட்டேன்.

சொன்போர்ன் தாண்டியதும்
தண்டவாளம் ஆற்றை விட்டுத் தெருவுக்கு மேல் ஏறிக்கொள்ளும்.
குனிந்து பார்த்தேன்.
கூரையில் எண் எழுதிய வண்டி
சிவப்பு விளக்கில் மற்றவர்களோடு நின்றது.
சைரன் இல்லை. ஒருவரும் வழிவிடவில்லை.
எத்தனையோ இரவு அந்தச் சைரனுக்குப் பயந்தவன்,
அவசரமில்லாத அம்புலன்ஸுக்கு
அன்றுதான் பயந்தேன்.

இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதிரையோடு தூக்கிவந்த இரண்டு பொடியன்களில் ஒருவன்
"வாங்கோ இளவரசி" என்றான் தன் மொழியில்.
ஆரபி கண்ணை இறுக்கி மூடினாள்.
ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்
ஊசிக்கு முன்னால்தான் வரும்.

கூடத்து மூலையில் இயந்திரம்.
கம்பனிக்காரன் நாலு கையெழுத்து வாங்கினான்.
"பிரிட்ஜ் மாதிரி முனகும், பழகிவிடும்."
குழாய் பதினைந்து மீற்றர்.
அவன் போனபின் நுனியைப் பிடித்து
நானே நடந்து பார்த்தேன்.
கட்டில் வரை வந்தது. குசினி வரை.
கழிவறைக்கும், கதவு முழுதாய் மூடாது.
சாமித்தட்டு வரைக்கும் வந்தது.
இனி அங்கே விளக்கேற்றக் கூடாதாம்,
ஒட்சிசனுக்கு நெருப்பு ஆகாது.
இருக்கட்டும் கொஞ்சநாள் இருட்டில்,
அவரும் யோசிக்கட்டும்.
பல்கனி வாசற்படியில் குழாய் முடிந்தது.
அங்கே அவள் கதிரையைப் போட்டோம்.

இரவு டொரொன்டோவிலிருந்து மச்சாள்.
"சுகம் வந்திட்டுதோ?"
பிள்ளை வந்திட்டாள் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம்
பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

புட்டில் மூன்று கரண்டி, அரை வாழைப்பழம்.
சுகிர்தா அதைக் கொப்பியில் எழுதினாள்,
ஆஸ்பத்திரியில் எழுதுவதுபோல், நேரம் போட்டு.
பிறகு நேரத்தை மட்டும் வெட்டிவிட்டாள்.

நாலு நிமிடத்துக்கு ஒரு ரயில்
எங்கள் பல்கனியை உரசுவதுபோல் போகிறது,
பெட்டி நிறைய வெளிச்சமும் முகங்களுமாக.
ஆரபி கையசைத்துக் கணக்கெடுக்கிறாள்.
திருப்பி அசைத்தவர் இரண்டு பேர்,
அதில் ஒருவர் தலைமுடியைக் கோதியிருக்கவும் கூடும்.

"அப்பா, நாளைக்கு உங்களுக்கு எத்தினை மணி ரயில்?"
ஐந்து பன்னிரண்டு.
"எழும்பி நிப்பன்."

எழுப்பாதே என்று சுகிர்தாவிடம் சொன்னேன்.
இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. இன்னும் பழகவில்லை.
இங்கிருந்து போகையில் எங்கள் வீடு
இடப்பக்கமா வலப்பக்கமா?
ஒன்பது வருடம் போய்வந்த பாதை.
எந்த யன்னலோரம் இருப்பது என்று
கண்ணை மூடி ஒருதரம் போய்ப் பார்த்தேன்.