ரிலே இல்லாத ஹார்ன்

வண்ணார்பேட்டை பைபாஸில்
இருபத்தாறு வருசமாக வண்டிகளுக்கு வயரிங்.
ஏர் ஹார்ன் மாட்டினால்
ஒரு தடவை அடித்துப் பார்க்காமல்
எந்த பஸ்ஸையும் வெளியே விட்டதில்லை.
அடித்ததெல்லாம் எங்கே போகிறதென்று
அப்போது யோசிக்கவில்லை.

சோக் போன டியூப்லைட்டின் இரைச்சலை
ஊசியில் கோத்த மாதிரி
ஒரு ‘ஈ’.
இடது காதிலும் இல்லை, கொஞ்சம் தள்ளி,
காதுக்கும் எனக்கும் நடுவில்.
சமாதானபுரம் முழுக்கக் கரண்ட் போய்
ஃபேன் ஓய்ந்து, பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்து,
நாயும் ஓய்ந்த பிறகு
இது மட்டும் தனி லைனில் ஓடும்.

விடாமல் அலறும் ஹார்ன் என்றால்
பானட்டைத் திறந்து ரிலேயைப் பிடுங்குவேன்.
அரை நிமிச வேலை.
இதற்கு எண்ணெய் விட்டாச்சு, ஆவி பிடிச்சாச்சு.
‘பிரமையாயிருக்கும் வேய்’ என்றார்
டயர் கடை மாசானமுத்து.

பாளையங்கோட்டையில் டாக்டர் வடிவாம்பாள்
ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.
காதுக்கு ஹெட்போன், நாக்குக்கு ஒரு தகடு.
‘நரம்புக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து
மூளையோட கவனத்தத் திருப்பிப் பாப்போம்.
எல்லாருக்கும் கேக்காது.
கேரண்டி கேக்காதீங்க.’
கேட்பதைக் கேட்காமலாக்க ஒரு வைத்தியம்,
அது கேட்குமோ கேட்காதோ.
பழைய ஆல்டர்னேட்டரைக் கையில் கொடுத்து
நானும் இதையேதான் சொல்வேன்:
கேரண்டி கேக்காதிய.

தினம் ஒரு மணி நேரம்.
பன்னிரண்டு வாரம்.
மாச வாடகை நாலாயிரத்து ஐநூறு.

முதல் நாள், சார்ஜ் இருக்கா என்று
சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கும்
அதே புளிப்பு.
யார் யாரைச் சோதிக்கிறதென்று தெரியவில்லை.
எச்சில் ஒழுகி பனியன் நனைந்தது.

வாயில் தகடு இருந்தால் பேச முடியாது.
ரோஸ்லின் அந்த ஒரு மணி நேரத்தைக்
கண்டுபிடித்துக்கொண்டாள்.
மகளின் நர்சிங் ஃபீஸ்,
தம்பியிடம் திரும்பி வராத பணம்,
எல்லாம் எதிரே உட்கார்ந்து சொல்வாள்.
கருவிக்காக வளையலை அடகு வைத்ததையும்
ஆறாவது வாரம் அப்படித்தான் சொன்னாள்.
‘ம்’ என்றேன்.
தகட்டோடு அதுதான் வரும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து
பைக்கில் சுத்தமல்லி அணைக்கட்டுக்குப் போனேன்.
தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
தாமிரபரணி என்னைவிடச் சத்தமாக இருந்தாள்.
ரொம்ப நேரம் நின்றேன்.
திரும்பும்போது பேட்டை தாண்டுவதற்குள்
பின் சீட்டில் வந்து ஏறிக்கொண்டது.

எட்டாவது வாரம் டாக்டர்
கண்ணாடி அறையில் உட்காரவைத்து
மிஷினில் குமிழைத் திருகினார்.
இதுவா? இல்லை.
இன்னும் மேலயா? இன்னும்.
இதுவா?
அதேதான் என்றேன். கை நடுங்கியது.
எனக்கு வெளியே அது இருந்தது,
ஒரு பெட்டிக்குள், ஒரு நம்பரோடு.

‘நீங்களும் கேளுங்கம்மா’ என்றார்.
ரோஸ்லின் முக்காட்டை ஒதுக்கி
ஹெட்போனை மாட்டினாள்.
பத்து எண்ணுவதற்குள் கழற்றிவிட்டாள்.
வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை பேசவில்லை.
அப்புறம்,
‘இத வச்சிக்கிட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னிய?’

கடைசி வாரம் கேள்வித்தாளில் டிக் போட்டேன்.
அறுபத்தெட்டு இருந்தது ஐம்பத்தொன்பது ஆகியிருந்தது.
குறைந்தது சத்தமா, என் கோபமா?
டாக்டருக்கும் தெரியவில்லை.
சொல்லிவிட்டார், அது பிடித்திருந்தது.
தகட்டை டெட்டால் போட்டுத் துடைத்து
வயரைச் சுருக்கு விழாமல் சுற்றி
திருப்பிக் கொடுத்தேன்.
வளையல் இன்னும் அடகுக்கடையில்தான்.

இப்போது ராத்திரி படுக்கும்போது கேட்கிறாள்,
‘இன்னைக்கு எவ்வளவு?’
‘அறுபது இருக்கும்.’
‘நேத்து?’
‘அறுபத்தி ரெண்டு.’

பேரிங் போன பழைய ஃபேனைக்
கழற்ற ஸ்டூல் போட்டேன்.
வேண்டாம், ஓடட்டும் என்றாள்.
கடகடவென்று ஓடுகிறது.
அதற்குக் கீழே
இது.