கல் எண் பதினேழு

தை மாதம். வெள்ளம் வடிந்து நாற்பது நாள்.
கடலூருக்கு வடக்கே, கொக்குமேட்டுப் படுகையில்
தென்பெண்ணை தன் பழைய தடத்தில் இல்லை.
வரைபடத்தில் இருந்தது,
நீல மையில், மடிப்பு விழுந்த இடத்தில்
கொஞ்சம் கிழிந்து.

சர்வேயர் ரங்கபாஷ்யம் குடைக்குள் நின்றார்.
நான் சங்கிலி இழுத்தேன்.
மறுமுனையில் லூர்துநாதன்.
நாணலுக்குள் தலை மறையும், கொடி மட்டும் அசையும்.
நூறு கண்ணிக்கு ஒருமுறை கூவுவான்.
ஒருமுறை கூவவில்லை:
இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தான்,
சங்கிலியைத் தலைக்கு மேல் பிடித்தபடி.

நடு ஆறு எல்லை; அக்கரை பிரெஞ்சு, இக்கரை நம்முடையது
என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
ஆற்றிடம் யாரும் படித்துக் காட்டவில்லை.
கார்த்திகையில் ஒரே ராத்திரியில்
சவுக்குத் தோப்பை நறுக்கிக்கொண்டு தெற்கே திரும்பிற்று.
ஒரு சூளை, இரண்டு களம், பதினோரு வீடு
நடக்காமலே பாகூர்ப் பக்கம் போய்விட்டன.

பச்சையம்மாள் அங்கே இருந்தாள்.
மல்லாட்டை போட்ட நிலத்தில் மணல்,
மணலில் வெள்ளரிக் கொடி.
குடிசைக்குப் பாதிக் கூரை.
“இப்போ எந்த சர்க்கார்?” என்றார் சர்வேயர்.
“காலையில சுங்கக்காரன் கூடையக் கிளறுறான்.
சாயந்திரம் சொல்தா வந்து அதையே கிளறுறான்.
பிஞ்சு நசுங்குது சாமி, அத எழுதுங்க.”

அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு பதினேழாம் எண் கல்லைத் தேடினோம்,
கடப்பாரையால் குத்திக் குத்தி, பகல் ஒரு மணி வரை.
கிடைத்தவை: மாட்டு மணி, பித்தளைச் சொம்பு,
யார் வீட்டு வாசற்படியோ ஒன்று.
சொம்பைத் திருப்பிப் பார்த்து
“தெக்குத் தெரு சடகோபன் வீட்டுது” என்றாள்.
தெற்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கூழ் குடிக்கக் கூப்பிட்டாள்.
சர்வேயர் வரவில்லை; வாழைப்பழம் வைத்திருந்தார்.
நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் குந்தினோம்.
மூன்று கல் அடுப்பு.
ஒன்றில் அம்புக்குறி, கீழே 17, கரி ஏறி.
இன்னொன்றில் பிரெஞ்சுக்காரன் எழுத்து.
மூன்றாவது வெறுங்கல்.

லூர்துநாதன் என்னைப் பார்த்தான்.
அவள் அகப்பையை நிறுத்தினாள்.
“ஒண்ண உருவினா சட்டி சாயும்.”
கடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
மாவத்தல் கொடுத்தாள்.

மாலையில் சர்வேயர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
கல் எண் 17, காணவில்லை.
ஆறு, புள்ளிக்கோடு.
என் விரல் கரி அந்தப் பக்கத்தில் ஒட்டியது.
துடைக்கத் துடைக்கப் பெரிதாயிற்று.
“மை கொட்டிற்றா?” என்றார்.
ஆமாம் என்றேன்.