மாதிரிக் கையெழுத்து

ரேசன் கடை மெசினுக்கு என்னைத் தெரியாது.
ஒன்பதாவது தடவையும் சிவப்பு.
பாசி பறிக்கிற விரல் இது.
துணி சுற்றித்தான் இறங்குவேன்,
ஆனாலும் ரேகையில் பாதியைப் பார் தின்றது,
மீதியை உப்பு.

இந்த முத்திருளாயிக்குத்தான்
சூரத்தில் ஒரு கம்பெனி இருக்கிறதாம்.
பழைய இரும்பு வாங்கி விற்கிறாளாம்.
நாற்பத்தேழு லட்சத்துச் சொச்சம் வரி பாக்கியாம்.
பாம்பனைத் தாண்டி மதுரைக்கே
இரண்டு தடவைதான் போயிருக்கிறாள்.

பாம்பன் ஸ்டேசனில்
வணிக வரி ஆபீசுக்குப் போ என்றார்கள்.
அங்கே, சைபர் கிரைமுக்குப் போ.
சைபர் கிரைமில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி.
"ஜெராக்ஸ் குடுத்த இடமெல்லாம் சொல்லும்மா."

சிம் கார்டுக்கு. கேசுக்கு.
குழுக் கடனுக்கு மூன்று தடவை.
மகள் ஸ்காலர்ஷிப்புக்கு.
புயல் நிவாரணத்துக்கு, வராத நிவாரணத்துக்கு.
எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

ஒருத்தன் வந்திருந்தான், சின்னப்பாலம் கரைக்கே.
பாசி காயப்போட்டிருந்தோம்.
"அக்கா, உதவித்தொகை வருது" என்று
போனை முகத்துக்கு நேரே பிடித்தான்.
கண்ணைச் சிமிட்டச் சொன்னான்.
சிமிட்டினேன்.
இடப்பக்கம் திரும்பச் சொன்னான், திரும்பினேன்.
பக்கத்தில் நின்றவள்கூடச் சிரித்தாள்,
கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று.

பேங்கில் கணக்கை முடக்கிவிட்டார்கள்.
உள்ளே பதினோராயிரத்து இருநூறு,
யாவாரி போட்ட பாசிக் காசு.
யாரோ அள்ளிய லட்சங்களுக்கு
என் பதினோராயிரம் ஜாமீன்.

சட்ட உதவி மையத்தில் நூருல் ஐனா,
கீழக்கரைப் பிள்ளை, காசு வாங்காத வக்கீல்.
மனுவில் மூன்று இடத்தில் என் வயதைத் திருத்தினாள்.
"நீங்க யாருன்னு நிரூபிக்க வேணாம்க்கா.
அது நீங்க இல்லைன்னு நிரூபிச்சாப் போதும்."
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று
திரும்பி வரும் பஸ்ஸில் உச்சிப்புளிவரை யோசித்தேன்.

விசாரணை அன்று
கம்பெனிப் பத்திரத்தைக் காட்டினார்கள்.
என் பேர், என் கதவு எண், என் முகம்.
கீழே இங்கிலீசில் ஒரு கையெழுத்து,
விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.
உள்ளதைச் சொன்னால் என்ன,
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"நீ பத்துத் தடவை போடு."

போட்டேன்.
ஒன்றில் 'ளா' போய் 'லா' வந்தது.
ஒன்றில் கால் ஒடிந்தது.
ஐந்தாவதில் விரல் வெடிப்பு திறந்து
தாளில் சிவப்பாய் ஒரு புள்ளி.
"ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலையேம்மா"
என்றார் அதிகாரி.
"அதத்தான் சார் நாங்களும் சொல்றோம்.
அவன் போட்டது அத்தனையும் ஒத்துவருது,
பாருங்க" என்றாள் ஐனா.
அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடியும் பார்த்தார்.
வாய்தா போட்டார்.

தேதி பதினாறு. அமாவாசைக்கு மறுநாள்,
தண்ணீர் வற்றிப் பாசி தலைகாட்டுகிற நாள்.
மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவோம்,
அதில் ஒன்று கோர்ட்டுக்கு.

இன்னொன்று. இதை ஐனாவிடம் சொல்லவில்லை.
போன வருசம் தீவுப் பக்கம்
வனத்துறைப் படகு மறித்துப் பேர் கேட்டபோது
செண்பகவல்லி என்றேன்.
அது என் நாத்தனார்.
அபராதச் சீட்டு அவள் வீட்டுக்குப் போனது.
பணம் நான்தான் கட்டினேன்.
ஆனாலும் ஒரு மாசம் அவள் என்னோடு பேசவில்லை.
ஐந்நூறு ரூபாய்க்கு எதற்கு இத்தனை கோபம் என்று
அப்போது நினைத்தேன்.

அடுத்த தடவை படகு மறித்தால்
என் பேரையே சொல்லலாம் என்றிருக்கிறேன்.
கேஸ் முடிவதற்குள் அதைச் சொல்லலாமா என்று
வக்கீலிடம் கேட்க வேண்டும்.