முதல் போணி

அரெகிபா நகராட்சி, நான்காம் சன்னல்,
தட்டச்சு செய்பவன் நான்.
நிகாசியா சோக்கே வந்து நின்றாள்.
பஸ் நெரிசலில் முட்டை ஒன்று உடைந்திருக்கவேண்டும்,
பையின் ஓரம் மஞ்சள்.

கடையின் பெயர் என்றேன்.
பெயரா? நீலக் கதவு என்பார்கள்.
போன வருஷம் பச்சை அடித்தோம்,
இன்னும் நீலக் கதவுதான்.
எழுதிக்கொண்டேன்.

முதல் எவ்வளவு என்றேன்.
கோடு போட்ட நோட்டை எடுத்தாள்.
மெழுகுவர்த்தி, சேமியா, அரைக் கிலோ கினோவா,
வராத பணத்தையெல்லாம்
எச்சில் தொட்டுப் புரட்டிக் கூட்டினாள்.
அது முதல் இல்லையம்மா, கடன்.
"இந்தக் கடன் இல்லாவிட்டால்
என் கடைக்கு யார் ஐயா வருவார்கள்?"
பின்னால் வரிசை இருமியது.

தொடங்கிய தேதி?
கடைசி மகன் பால் மறந்த வருஷம்,
மேட்டுக்குத் தண்ணீர் லாரி மட்டும் வந்த காலம்,
மிஸ்தி மலையில் பனியே பிடிக்காத வருஷமும் அதுதான்.
விரல் மடக்கிப் பதினொன்று என்றாள்.

கட்டத்தில் எட்டு இலக்கம்தான் கொள்ளும்.
பழைய தேதி போட்டால்
கம்ப்யூட்டர் சிவப்பாகும்,
பதினொரு வருஷத்துக்கும் அபராதம் கேட்கும்.
இன்றைய தேதியை அடித்தேன்.

முத்திரை காய ஊதினாள்.
தாளை வெளிச்சத்தில் பிடித்து,
"அப்படியென்றால்
இன்றைக்குத்தான் கடை திறக்கிறேன்.
போணி நீங்கள் செய்யுங்கள்."
சன்னலுக்குள் நீட்டினாள்
உடையாத முட்டை ஒன்று.
ஐம்பது சென்டிமோ.

சட்டைப்பை துழாவினேன்.
சில்லறை இல்லை.

நோட்டைத் திறந்தாள்.
பெயர் என்ன என்றாள்.